பைக்குள் பை

"இன்னும் குனி ஜெஸ்லியா. மலைநாட்டு மனிசி எண்டு கடைசி வாங்கில இருக்கிறவனுக்கும் விளங்க வேணும்," என்றான் மில்ரன். கீரி ஊர் அந்தோனியார் கோயில் திருவிழாவுக்குப் பகிடி நாடகத்தை எழுதியவனும், பழக்கியவனும், அதில் கிராம அலுவலரான விதானையாராக நடிப்பவனும் அவன்தான்.

ஜெஸ்லியா குனியவில்லை. "சுபத்திராக்கா குனிஞ்சே நடக்கிறவ?"

"இது பகிடி, பிள்ளை. உள்ளதை உள்ளபடி காட்டினால் ஆர் சிரிக்கிறது? இழுத்துக் கதை. பையளை என்ரை மூஞ்சையில எறி. பிறகு காலில விழு."

கருவாட்டு வாடியில் ஆறு வருசமாக ஜெஸ்லியாவுக்குப் பக்கத்தில் இருந்து மீன் வெட்டுகிறவள் சுபத்திரா. கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, இலுப்பைக்கடவைப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். ஓட்டத்தில் தொலைந்த கடதாசிகளுக்காகத் தாய் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்ததைப் பார்த்து வளர்ந்தவள். அதனால் தன் பிறப்புப் பத்திரத்தை ஒரு பையில் வைத்து முடிந்து, அந்தப் பையை இன்னொரு பையில் வைத்து முடிந்து, இப்படி ஐந்து பைக்குள் வைத்திருந்தாள். கந்தோரில் ஒவ்வொன்றாக அவிழ்த்து, நீவி மடித்து, மேசையில் அடுக்குவாள். விதானையார் பேனையை மூடிவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருப்பார். ஜெஸ்லியா ஒருநாள் வாடியில் அதை அப்படியே நடித்துக் காட்டியபோது முதலில் சிரித்தது சுபத்திராதான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் ஜெஸ்லியா மில்ரனிடம் கதையைச் சொன்னாள். சொன்ன வாயில் அடிக்க வேண்டும் போலிருந்தது இப்போது. நாடகம் என்றதும் தன் மஞ்சள் சீலையை மினுக்கிக் கொடுத்துவிட்டிருந்தாள் சுபத்திரா. அவளுடைய சீலையையே உடுத்துக்கொண்டு அவளைக் கோமாளியாக்குவதா? அதுவும் அந்தோனியாரின் முற்றத்தில்?

"காலில விழமாட்டன் அண்ணா. ஏலாதெண்டா வேறை ஆளைப் பாருங்கோ."

"நாளைக்கு நாடகம். இனி ஆரைப் பாக்கிறது? ஒருத்தரும் சிரிக்காட்டி நீயாவே விழுவாய், பார்."

மறுநாள் வேஸ்பர் மாலை வழிபாடு முடிந்து திரை விலகியது. முன்பாயில் சுபத்திரா இருந்தாள். ஜெஸ்லியா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நிமிர்ந்தே நடந்து வந்தாள். முதல் பையை அவிழ்த்தாள், மடித்தாள், வைத்தாள். இரண்டாவது பை. சனம் சும்மா இருந்தது. எங்கோ ஒரு பிள்ளை அழுதது.

மில்ரனுக்குப் பொறுக்கவில்லை. நாடகத்தில் இல்லாத வசனமொன்றை எடுத்துவிட்டான். "என்ன தோட்டக்காட்டம்மா, பையைத் திங்கவோ வந்தனீ? சாமீ... தொரே... எண்டு கும்பிடன்!" முதுகை வளைத்து, குரலை இழுத்து, அவளாக அவனே நடித்தும் காட்டினான். பின்னால் பெடியள் விசிலடித்தார்கள். சுபத்திராவின் முகத்தில் முதலிலிருந்தே இருந்த புன்னகை பாதியில் நின்றது.

பையை அவன் மூஞ்சியில் எறிந்துவிடலாமா என்று வந்தது ஜெஸ்லியாவுக்கு. ஆனால் அவன் கேட்டதும் அதைத்தானே! மூன்றாவது பையின் முடிச்சைப் பிடித்தாள். ஆத்திரத்தில் இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. நகம் வழுக்கியது. நடிப்பு எங்கே நின்றதென்று அவளுக்கே தெரியவில்லை. முற்றம் முழுக்க அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நகத்தால வராது புள்ள!" முன்பாயிலிருந்து சுபத்திரா எழுந்தே விட்டாள். "பல்லால கடிச்சு இழு!"

முற்றம் அதிரச் சிரித்தது. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுபத்திராவும் சிரித்தாள். அடுத்த வசனம் யாருடையது என்று தெரியாமல் மில்ரன் வளைந்த முதுகோடு அப்படியே நின்றான்.

ஜெஸ்லியா முடிச்சை மெல்ல வாய்க்குக் கொண்டுபோனாள். உள்ளே இன்னும் இரண்டு பைகள் இருந்தன.