மீட்டர் பெட்டிக்குப் பின்னால்

அலுவலகத்தில் அவரை 'நடுநிலை' என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருந்த நிலைய அறையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எந்தப் பேச்சிலும் பட்டுக்கொள்ளாத சுபாவத்துக்கும் அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

ஓர் ஊரில் மருத்துவமனை, நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி அதன் கிளை. நோயாளிகளின் கோப்புகள் ரகசியக் குறியீட்டில் போய்வரும். அந்தக் குறியீட்டைத் திறக்கும் சாவி, ஒற்றை ஒற்றை ஒளித்துகளாகக் கண்ணாடி இழையில் வரும். வழியில் எவனாவது எட்டிப் பார்த்தால் துகள் கலைந்து அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். விற்க வந்தவர் இதைத்தான் வாய் வலிக்கச் சொன்னார். அவர் அடக்கி வாசித்தது வேறு. அவ்வளவு தூரம் அந்த ஒளி தாங்காது. நகலெடுத்து வலுவேற்றவும் முடியாது. ஆகவே பாதி வழியில் ஓர் அறை. அங்கே சாவி வெறும் எண்களாக இயந்திரத்துக்குள் கிடந்து, அடுத்த இழைக்குக் கைமாறும்.

அந்த அறைக்கு ஒரு பூட்டு. கடையில் தொங்குமே, அந்தப் பூட்டு.

நல்ல பூட்டு கேட்டு அவர் மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவதற்குப் பதில் வந்தது: 'இயற்கையின் விதியே காவல் இருப்பதால் வேறு பூட்டு தேவையில்லை.' கீழே கையெழுத்து, மேலாளர். மேலாளர் வேறு யாருமில்லை, நடுநிலையின் மனைவிக்கு அண்ணன்.

அறை சூடேறினால் ஒளியை உணரும் கருவி படுத்துவிடும். ஏசியோ வாரத்துக்கு ஒருதரம் மக்கர் செய்யும். ஒவ்வொரு முறையும் மெக்கானிக்குக்குக் கதவைத் திறந்துவிட ஒரு மணி நேரம் பேருந்தில் போய் அலுத்தபோது, மச்சான்தான் வழி சொன்னார்: "ஒரு சாவிய மீட்டர் பெட்டிக்குப் பின்னால ஆணியில மாட்டிடு மாப்ள. யாருக்குத் தெரியப்போகுது?"

மாட்டினார்.

இப்போது ஆயிரக்கணக்கான நோயாளிகளின் ரகசியம் வெளியே போய்விட்டது. நடு அறை இயந்திரத்தின் முதுகில், எண்களை நகலெடுக்க யாரோ செருகிய, விரல் நீளச் சாதனம் ஒன்று கிடைத்தது. இழையில் யாரும் கை வைக்கவில்லை. பூட்டும் உடையவில்லை.

விசாரணை நாளன்று மச்சான் அவரை மாடிப்படி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். கையில் தட்டச்சு செய்த தாள்.

"சாவிய நீயா மாட்டுனதா எழுதியிருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டுடு."

"நீங்க சொல்லித்தானே மச்சான் மாட்டுனேன்?"

"நான் சொன்னது எழுத்துல இருக்கா?"

கீழே யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"என் வேலை போனா ரெண்டு குடும்பமும் நடுத்தெருவுல. உன் வேலை போனா உன் குடும்பம் மட்டுந்தான். என் தங்கச்சிய நான் விட்டுடுவேனா? கணக்குப் போட்டுப் பாரு."

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"காலையிலயே பேசிட்டேன்."

காலையில் அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சட்டையை நீட்டியது நினைவுக்கு வந்தது. அதுவரை, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்ற தைரியம் கொஞ்சம் இருந்தது. பேனாவை வாங்கினார். சாவியை மாட்டச் சொல்லி மச்சான் அன்று பேசியதைக் காற்று எடுத்துப்போயிருந்தது. ஒட்டுக்கேட்க ஒருவனாவது இருந்திருக்கக் கூடாதா என்று முதல்முறையாக ஆசைப்பட்டார்.

விசாரணை அதிகாரி ஒரு பெண். தாளைப் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இழைக்குள்ள எல்லாம் சரியா இருந்திருக்கு. தப்பு முழுக்க மனுஷங்க கிட்ட, இல்லையா?"

"ஆமாங்க மேடம்," என்றார் மச்சான் முந்திக்கொண்டு.

"உங்ககிட்ட இருக்கற சாவியக் குடுத்துடுங்க."

நடுநிலை வளையத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இன்னொண்ணு?"

"அங்கேயேதான் இருக்கு மேடம். மீட்டர் பெட்டிக்குப் பின்னால."

"இன்னுமா? விஷயம் வெளிய வந்து மூணு வாரமாச்சு, யாரும் எடுக்கலையா?"

அதிகாரி மேலாளரைப் பார்த்தார். மச்சான் கைபேசியிலிருந்து தலை நிமிர்த்தாமலே சொன்னார்:

"நாளைக்கு எடுத்துக்கலாம் மேடம். இப்பதான் ஏசிக்காரன் அங்க கிளம்பிட்டேன்னு சொன்னான்."