ரோட்டோரத்து நிரை

அது ஆடி மழையா, கார்த்திகை மழையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. புதிரில் செஸ் காய்கள் நின்ற கட்டங்களையும் மறந்துவிட்டேன்.

எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கு கணேசமூர்த்தி பத்திரிகையில் வந்த செஸ் புதிரை வெட்டி, நாங்கள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் ஒட்டினார். விடை சொல்பவர் ஒரு மாதம் ஏற்றமில்லாத ரோட்டோரத்து நிரையில் பறிக்கலாம் என்றார். முழங்கால் வீங்கிய சுதர்ஷினிக்கு அட்டை கடிக்கும் மேட்டு நிரையை ஒதுக்கியவரும் அவர்தான். அவள் மகளோடு போனில் செஸ் ஆடுவது அவருக்குத் தெரியாது.

சுதர்ஷினி தாளில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

“குதிரை இங்க பாயணுங்க. ராஜாவுக்கு செக். ராஜா நகந்தா ராணிய வெட்டிறலாம்.”

“தப்பு புள்ள. கையில கெடைக்கிற யானைய வெட்டணும்.”

“அப்பிடிங்களா. அந்தா தோட்டத்துத் தொரை வர்றாரு, அவருக்கு செஸ் நல்லாத் தெரியும். அவருகிட்ட கேப்போமா, இல்ல நெரைய இப்பவே தர்றீங்களா?”

கண்டாக்கு தாளைப் பார்த்தார். நெருங்கி வரும் தொரையின் குடையைப் பார்த்தார். பிறகு தாளைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நாளையில இருந்து ரோட்டோரம் போ.”

சுதர்ஷினியின் முழங்கால் வீக்கம் அந்த மாதமே வடிந்தது. இப்போது கந்தப்பளையில் மகளோடு இருக்கிறாள். கண்டாக்கு டயகமப் பக்கம் மாறிப் போனார். அவள் விட்ட மேட்டு நிரை எனக்கு வந்தது.