உப்பு போடும் நேரம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அண்ணன் பேக்கரியில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் நான்தான். சில்லறைத் தகராறு பண்ண வருகிறவன் என் முகத்தைப் பார்த்தே திரும்பிவிடுவான். அப்படிப்பட்ட நானே இரண்டு மாதமாக வாயைத் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணனுடைய ஒரே மகள், ரொட்டி கொடுக்க சைக்கிளில் போனவள், லாரியில் அடிபட்டுச் செத்துப்போனாள். வாலு என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். இருபது வயது.

அன்று காலை ஆஸ்பத்திரி கேண்டீன்காரர் வந்தார். எங்கள் சரக்கில் பாதி அவருக்குத்தான் போகிறது. கூடையைக் கீழே வைக்காமலே தலையைச் சொறிந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ரொட்டியில உப்பே இல்ல. நோயாளிக்கு நல்லதுதான்னு ஆரம்பத்துல சமாளிச்சேன். இப்ப தட்டு தட்டா திரும்பி வருது. நாளைக்கும் இப்படித்தான்னா வேற கடை பாக்கச் சொல்லிட்டாங்க."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? பொண்ணைப் பறிகொடுத்த வீடு."

எனக்குச் சர்க்கரை இருப்பதால் கடைப் பண்டம் எதையும் தொடுவதில்லை. அவர் போனதும் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டேன். வெறும் சக்கை. எதிர்வீட்டம்மா தினமும் ரொட்டி வாங்கிக்கொண்டுபோய்த் தெருமுனையில் காக்கைக்குப் போடுவது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. தெருவே பல்லைக் கடித்துக்கொண்டு எங்களிடம் வாங்கியிருக்கிறது. எனக்கு நன்றியைவிட எரிச்சல்தான் வந்தது.

ரொட்டியும் கையுமாக உள்ளே போனேன். மெஷின் மாவு பிசைந்துகொண்டிருந்தது. மாவு ஓரளவு திரண்டதும் அண்ணன் மெஷினை நிறுத்துவான். அதுதான் உப்பு போடும் நேரம். முன்பெல்லாம் "வாலு, உப்பு" என்று கத்துவான். முக்காலிமேல் ஏறி நின்ற வயதிலிருந்தே அது அவள் வேலை. வேறு யாராவது டப்பாவில் கை வைத்தால் சண்டைக்கு வந்துவிடுவாள்.

அண்ணன் மெஷினை நிறுத்தினான். கூப்பிடவில்லை. மாவைப் பார்த்தபடி நின்றான். அண்ணி மேசையில் கையை ஊன்றிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் மெஷினை மறுபடி ஓடவிட்டான். தினமும் இதைத்தான் செய்கிறார்களா இந்த இரண்டு பேரும்?

நேரே போய் உப்பு டப்பாவை எடுத்தேன். அண்ணி என் கையைப் பிடித்தாள்.

"அதை வை. அது அவ வேலை."

"கடைய இழுத்து மூடணுமா அண்ணி? கேண்டீன்காரர் நாளையோட நிறுத்திடுவாராம். உப்பு இல்லன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியவே இல்லையா? நீங்களும் இதைத்தானே தின்னீங்க?"

"எதைத் தின்னாலும் எனக்கு ஒண்ணுதான்" என்றாள் அண்ணி. "நாக்கு செத்துப்போச்சு."

அண்ணன் மாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியும். முதல் நாள்லேருந்தே தெரியும். வேற யாராவது உப்பைப் போட்டுட்டா, அவ இனிமே வரமாட்டான்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்."

டப்பாவை வைத்துவிட்டுக் கல்லாவுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன். பாவி, ஓரமாகப் போயிருக்கக் கூடாதா என்று செத்தவளையே திட்டினேன்.

மறுநாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெஷின் நின்றது.

"வாலு" என்று அண்ணன் கூப்பிட்டான். குரல் உடைந்தது. "உப்பு."

எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். அண்ணி அசையாமல் நின்றாள். பிறகு போய் டப்பாவைத் திறந்தாள். வாலு கடைசியாகக் குத்தி வைத்த கரண்டி அப்படியே நின்றது. உப்பு கட்டிதட்டி அதை இறுக்கிப் பிடித்திருந்தது. அண்ணி ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். உப்பை உதிர்த்து, அளந்து, மாவில் போட்டாள்.

"இனிமே அவளைக் கூப்பிடாதீங்க" என்றாள். "என்னைக் கூப்பிடுங்க."

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினான். மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதான்.

முதல் தட்டு அடுப்பிலிருந்து வந்ததும் அண்ணி சூடு ஆறுவதற்கு முன்பே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். நானும் அண்ணனும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு இருக்குங்க" என்றாள்.

மகளைக் கொண்டுவந்து கிடத்திய அன்றுகூட அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இப்போது அந்த ரொட்டியை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், மாவு சிந்திய தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். நான் பிடிக்கப் போனேன். அண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

கேண்டீன்காரர் கூடையோடு வாசலுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் இருப்பவர், இந்தச் சத்தம் அவருக்குப் பழக்கம்தான். கூடையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.