இரண்டு வெயில்

குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. மேலே தொட்டபோது நெல் சில்லென்றுதான் இருந்தது. உள்ளே காய்ச்சல்காரன் நெற்றியைப் போலச் சுட்டது. கையை இழுத்து முகர்ந்து பார்த்தேன். லேசாகப் புளித்த வாடை. அன்று கொட்டகைக் காவல் என் முறை. பதினோரு வீட்டு நெல்லும் ஒரே குவியலாகக் கிடந்த அந்தத் தகரக் கொட்டகைக்குள் நான் மட்டும்தான் இருந்தேன். வெளியே உச்சி வெயில். மறுநாள் சாயங்காலம் விலை பேச வருவதாக மில்காரர் சொல்லியிருந்தார். உள்ளே வேகும் ஈர நெல் யாருடையது என்று நான் யோசிக்கத் தேவையே இல்லை. என்னுடையதுதான்.

என்னை எல்லோரும் 'கடைசி' என்றுதான் கூப்பிடுவார்கள். என் வயல் பள்ளத்தில் இருக்கிறது. மற்ற வயல்களில் தண்ணீர் வடிந்து, கதிர் முற்றி, அறுப்பு மிஷின் வந்து போன பிறகும் என் வயலில் சேறு கிடக்கும். என் முறை வரும்போது மிஷின்காரனுக்கே அலுப்புத் தட்டியிருக்கும். கூட்டத்துக்குப் போனால், "கடைசி வந்தாச்சு, கதவைச் சாத்துங்கப்பா" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். நாற்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டா இருக்க முடியும்? ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும்.

எங்கள் நெல்லுக்கு நாங்கள் ஒருநாளும் விலை சொன்னதில்லை. அவரவர் டிராக்டரை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு மில் வாசலில் வரிசையில் நிற்போம். காலையில் ஒரு விலை இருக்கும். வரிசை நீள நீள அது இறங்கும். நம் முறை வரும்போது மில்காரர் ஒரு மணியை எடுத்துக் கடவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார். காய்ந்த நெல் 'டக்'கென்று உடையும். சத்தம் வராவிட்டால் ஈரம். பிறகு ஒரு தொகை சொல்வார். பிடிக்கவில்லை என்றால் நெல்லைத் திருப்பிக் கொண்டுபோகலாம், யாரும் கையைப் பிடித்துத் தடுக்கப்போவதில்லை. டிராக்டர் வாடகையை யார் கொடுப்பது? என் அண்ணன் ஒருதடவை வீம்புக்குத் திருப்பிக்கொண்டு வந்தார். மறுநாள் அதே நெல்லை இன்னும் குறைந்த விலைக்குப் போட்டுவிட்டு, இரண்டு நாள் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்.

இதை மாற்றியது டீச்சர். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அப்பாவின் நிலத்தில் இறங்கியவர், எங்களைப் போலவே மில் வாசலில் நின்று அலுத்தவர். எல்லோரையும் கொட்டகையில் கூட்டி, பலகையில் விதை, உரம், உழவு, அறுப்பு என்று செலவை எழுத வைத்தார். எழுதி முடித்ததும், "உங்க கூலி எங்கே?" என்றார். யாரும் எழுதியிருக்கவில்லை. "நம்ம வயல்ல நாம வேலை செய்றதுக்கு எதுக்கு டீச்சர் கூலி?" என்று அண்ணன் கேட்டார். "அப்படியா? அப்போ அண்ணி நாத்து நட்டதும் சும்மாதானா?" என்றார் டீச்சர். பின்னாலிருந்து அண்ணி, "அப்படிக் கேளுங்க டீச்சர்!" என்று குரல் கொடுத்தார். கூலியையும் சேர்த்தபோது மூட்டைக்கு ஆயிரத்து அறுநூறு வந்தது. போன வருஷம் நாங்கள் வாங்கியது ஆயிரத்து இருநூறு. பிறகு ஒவ்வொருவரையும் எழுப்பி அந்த விலையை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். சிரிக்காதீர்கள், அது அத்தனை சுலபமில்லை. என் முறை வந்தபோது, "ஆயிரத்து அறுநூறு... கெடைச்சா நல்லா இருக்கும்" என்றேன். சிரிப்பில் கொட்டகையே அதிர்ந்தது.

விலையைச் சொல்வதைவிட அதில் நிற்பது கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவன் மட்டும் நைசாக மில்லுக்கு ஓட்டிவிட்டால் மற்றவர்கள் கதை முடிந்தது. அதனால்தான் எல்லோர் நெல்லையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறிக் கலந்துவிடுவது என்று முடிவு செய்தோம். கலந்துவிட்டால் தன் நெல்லை மட்டும் தனியாக அள்ளிக்கொண்டு போக யாராலும் முடியாது. கொட்டுவதற்குச் சனிக்கிழமை கடைசி நாள். என் நெல் அப்போதுதான் களத்துக்கு வந்திருந்தது. என் மனைவி ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வெயில் காயணுங்க. டீச்சர்கிட்ட சொன்னா பொறுத்துக்க மாட்டாங்களா?" என்றாள்.

பொறுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. இந்த ஒரு தடவையாவது கதவைச் சாத்துவதற்கு முன்னால் உள்ளே இருந்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. வெள்ளிக்கிழமையே கொண்டுபோய்க் கொட்டினேன். "அட, கடைசி முந்திட்டான்டா!" என்று அண்ணன் முதுகில் தட்டினார். அந்த ஒரு தட்டலுக்காகத்தான் பதினோரு வீட்டு உழைப்பையும் வேக வைத்துவிட்டேன்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம் சொன்னேன். அவளும் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். நாளைச் சாயங்காலம் வரை தாங்கிவிடும், மில்காரர் மேலாகத்தான் அள்ளிப் பார்ப்பார், லாரியில் ஏறிவிட்டால் அப்புறம் அவர் பாடு என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவள் தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்லை.

"அன்னிக்கு விலையைச் சொல்லச் சொன்னப்ப உங்களுக்கு வாய் வரல. இதுக்கும் வரலன்னா சொல்லுங்க, நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்றாள். தூக்குச்சட்டியை ஓரமாக வைத்துவிட்டு, "ஆனா நான் சொன்னா, அது நீங்க சொன்னதா ஆகாது" என்றாள்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். மறுநாள் மில்காரர் வருகிறார் என்று அவர் ஜன்னலில் கண்ணாடியை மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது, இன்னொன்றில் சோப்பு நுரை. கதவருகிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நுரையைத் துண்டால் துடைத்தார், செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே நடந்தார். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அரைமணி நேரத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் என்னோடு பேசவும் இல்லை. கூடை கூடையாக அள்ளிச் சிமெண்டுக் களத்தில் பரப்பினோம். களம் போதாமல் போனதும் தார்ப்பாயை விரித்துச் சாலையோரத்திலும் கொட்டினோம். பிறகு வெறுங்காலோடு வரிசையாக நெல்லுக்குள் நடந்து, அடியில் இருப்பது மேலே வரும்படி காலால் கிளறிக்கொண்டே இருந்தோம். போனால் திரும்பி, திரும்பினால் போய். டீச்சர் போன் செய்து ஒருநாள் தள்ளி வரச் சொன்னார். "நாளைக்குன்னா நாளைக்குத்தான்" என்று மில்காரர் வைத்துவிட்டார். இருந்தது மீதிப் பாதி நாளும் மறுநாளும். இருட்டும் முன் நெல்லை மூடிவைத்தோம். காலையில் மறுபடி விரித்தபோது வானம் மூடிக் கிடந்தது. பத்து மணிக்கு மேல்தான் வெயில் மனது வைத்தது. நான் ஒரு நிமிஷமும் உட்காரவில்லை. உட்கார எனக்கு என்ன யோக்கியதை?

யாரோ காதில் போட்டிருக்க வேண்டும். சாயங்காலம் வர வேண்டிய மில்காரர் மதியமே வந்து இறங்கினார். எங்களைத் தேடி அவர் வருவது அதுதான் முதல் தடவை. ஈரம் பார்க்கும் மிஷின் அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

"என்ன, எல்லாரும் நெல்லு மேல நடை பழகுறீங்க?" என்று சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் உருட்டினார். "யாரோ ஒருத்தர் அவசரப்பட்டிருக்காரு. சரி, போகட்டும். அது யாருன்னு மட்டும் சொல்லுங்க. அவர் பங்குல கழிச்சுக்கிறேன். மத்த பத்து வீட்டுக்கும் நீங்க கேட்கிற விலையில பேசுவோம். சொல்லலன்னா எல்லாருக்கும் ஆயிரத்து நூறுதான்."

அவர் சொன்னது நியாயமாகக்கூட எனக்குப் பட்டது. என் பங்கு போய்விட்டால் அந்த வருஷம் எங்கள் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். களத்தின் மறுகோடியில் கிளறுவதை நிறுத்திவிட்டு அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"குவியல் ஒண்ணுதாங்க. விலையும் ஒண்ணுதான்" என்றார் அண்ணன், எனக்கு முன்னால்.

மில்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் நேற்றிலிருந்து முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். மழித்த கன்னம் ஒன்றும் மழிக்காத கன்னம் ஒன்றுமாக அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"விலையைச் சொல்லுடா" என்றார்.

"ஆயிரத்து அறுநூறு" என்றேன். அதற்குப் பின்னால் ஒட்ட வைக்க ஒரு வார்த்தை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"காயலன்னா?" என்றார் மில்காரர்.

"காயிற வரைக்கும் கிளறுவோம். விலை அதேதான்."

சட்டைப் பைக்கு ஏறிய அவர் கை, மிஷினைத் தொட்டுவிட்டு வெறுமனே இறங்கியது. குனிந்து, என் காலடியிலிருந்து ஒரே ஒரு மணியை எடுத்தார். ஊதித் தூசியைப் போக்கினார். வாய்க்குள் போட்டு நாக்கால் கடவாய்க்குத் தள்ளினார். களத்திலும் சாலையோரத்திலும் நடந்துகொண்டிருந்த கால்களெல்லாம் நின்றன. என் கணுக்கால் வரை நெல் இருந்தது. அது வெயிலில் சுடுகிறதா, உள்ளுக்குள்ளிருந்து சுடுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. மில்காரர் மணியைப் பல்லால் அழுத்தினார். பதினோரு வீட்டாரும் மூச்சை அடக்கிக்கொண்டு, அந்த ஒரு சத்தத்துக்காகக் காதைக் கொடுத்து நின்றோம்.