பெயர் கரைந்த கண்ணாடிகள்

இரத்தம் தடவிய கண்ணாடித் துண்டில் பெயரைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காகச் சாயம் ஊற்றும்போது பேனா மை கரைந்து ஓடிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் காது புளிக்கப் புளிக்க இதைச் சொல்லுகிறவள் லேப் அக்கா. அந்தத் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். அவளேதான் இன்று காலையில் பேனாவால் எழுதித் தொலைத்தாள்.

காரணம் அவளுடைய தம்பி. பஸ் ஓட்டுகிறவன். விட்டு விட்டு வரும் காய்ச்சலோடு திரிந்தவனைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருந்தாள். விரலை நீட்டிக்கொண்டே, "சின்ன வயசுல உன்னைக் கிள்ளினதுக்கு இப்பப் பழி வாங்குறியாக்கா?" என்று வாயடித்தான். அவனை அதட்டிய வேகத்தில் பென்சில் முனை ஒடிந்தது. கைக்கு எட்டிய பேனாவை எடுத்துவிட்டாள். அடுத்து வந்த தையல்காரம்மாவுக்கும் அதே பேனா. அந்த அம்மாவுக்கும் காய்ச்சல், அலுப்பு. தைக்க வேண்டியது மலையாகக் கிடக்கிறது என்று விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டே ஓடினாள்.

இரண்டு கண்ணாடிகளையும் ஒரே தட்டில் வைத்துச் சாயம் ஊற்றிக் கழுவி எடுத்தால், ஓரத்தில் பெயரைக் காணோம். எது யாருடையது என்றும் தெரியவில்லை. இரண்டும் நன்றாக இருந்துவிட்டால் யாருடையதாக இருந்தால் என்ன என்று தன்னைத் தேற்றிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

முதல் கண்ணாடி சுத்தம். இரண்டாவது அப்படி இல்லை. நல்ல வெள்ளணுவின் உட்கரு, முடிச்சு முடிச்சாக நூலில் கோத்த மாதிரி இருக்கும். இங்கே பார்த்த இடமெல்லாம் உட்கரு உப்பிப்போய், செல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. இரத்தப் புற்று. சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் சரி, இத்தனை வருஷம் பார்த்த கண்ணுக்குத் தெரியாதா?

தம்பியா, தையல்காரம்மாவா?

தம்பிக்கு ஃபோன் போட்டாள். வண்டி ஓட்டும்போது அணைத்து வைத்துவிடுவான். ஊருக்கெல்லாம் நல்ல பிள்ளை, அக்காவுக்கு அவசரம் என்றால் மட்டும் கிடைக்க மாட்டான். தையல்காரம்மா எடுத்தாள். "சின்னத் தப்பு நடந்துபோச்சும்மா. இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்" என்றதும், "இதோ வரேன்" என்றாள். அவள் வந்து விரலை நீட்டினால் எல்லாம் விளங்கிவிடும். அதுவரை சும்மா இருப்பதற்கு லேப் அக்கா என்ன கல்லா?

அவளுக்கு ஒரு வழி தெரியும். பெண்ணின் செல்லில் எக்ஸ் குரோமோசோம் இரண்டு. வேலைக்கு ஒன்று போதும் என்பதால் மற்றது சுருண்டு முடங்கிக் கிடக்கும். சில வெள்ளணுக்களில் மட்டும் அது உட்கருவிலிருந்து மெல்லிய காம்போடு ஒரு குமிழாக நீட்டிக்கொண்டு நிற்கும், குண்டூசித் தலை மாதிரி. ஆணுக்கு அந்தக் குமிழ் இருக்காது.

நல்ல கண்ணாடியில் தேடுவது சுலபம். அங்கே முதிர்ந்த வெள்ளணுக்கள் ஏராளம். ஆனால் அதில் குமிழ் தெரிந்துவிட்டால்? தெரிந்தால் அந்த நல்ல இரத்தம் தையல்காரம்மாவுடையது, மற்றது தம்பியுடையது. அதைத் தொடவே அவளுக்குத் துணிவு வரவில்லை. கெட்ட கண்ணாடியின் மேல் எண்ணெய்ச் சொட்டு விட்டு, லென்ஸை இறக்கி, தப்பிப் பிழைத்த நல்ல வெள்ளணுக்களை ஒவ்வொன்றாகத் தேடினாள்.

ஒன்றில் இல்லை. இன்னொன்றிலும் இல்லை. கண்ணாடியை நகர்த்தி அடுத்ததைப் பார்த்தாள். 'சாமி, குமிழைக் காட்டு' என்று வேண்டிக்கொண்டாள். என்ன வேண்டுகிறாள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் வேண்டினாள்.

குமிழ் தெரிந்தது.

அவசரப்படாதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆண்களுக்கும் சில சமயம் அதுபோலப் பொய்க் குமிழ் வருவதுண்டு. மேலும் தேடினாள். இன்னொன்று, காம்போடு பளிச்சென்று. கொஞ்சம் தள்ளி இன்னும் ஒன்று. சந்தேகமே இல்லை, பெண்ணின் இரத்தம்.

தம்பி இல்லை. அவள் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள். எருமை மாடு, உயிரை வாங்கிவிட்டான் என்று வாய்விட்டே திட்டினாள். போன உயிர் திரும்பி வந்திருந்தது.

கதவு திறந்தது. தையல்காரம்மா மூச்சு வாங்க நின்றாள். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது. லேப் அக்காவை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

"மறுபடி ரத்தம் எடுக்கணும்னதும் ஈரக்குலையே நடுங்கிப்போச்சுங்க. வர்ற வழியெல்லாம் என்னென்னமோ நெனப்பு. இப்ப உங்க முகத்தைப் பார்த்தப்புறம்தான் நிம்மதி."

லேப் அக்காவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "டாக்டர் சாயங்காலம் வந்து சொல்வாரும்மா" என்றாள்.

தையல்காரம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அதற்குள் வீட்டிலிருக்கும் மகளுக்கு ஃபோன் போட்டிருந்தாள். "ஒண்ணுமில்லடி. லேப் அக்கா சிரிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. அழாம போய்ச் சாப்பிடு."

ஃபோனை மடியில் வைத்துவிட்டு, வரும் வழியில் இருந்த பயம் எதுவும் இல்லாமல் விரலை நீட்டினாள். லேப் அக்கா தலை நிமிராமல் அந்த விரலைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.