நாராவுக்குப் பெரிதான குடம்

...நுழையவில்லை, சாய்த்துப் பார்த்தும் நுழையவில்லை, குடும்பக் கல்லறையின் வாய் ஒரு சாண்கூட இல்லை, அம்மாவின் அஸ்திக் குடமோ அதைவிட மூன்று விரல் அகலம், டோக்கியோவில் எரித்த எலும்பு முழுவதையும் அள்ளிவிடுவார்கள், இங்கே நாராவில் கொஞ்சம்தான் எடுப்பார்கள், அதனால் குடமும் சிறிது, குழிவாயும் சிறிது, இது மசாத்தோவுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? கோயில் கூரையிலிருந்து மழை சொட்டியது, பிக்கு மணிமாலையை உருட்டியபடி காத்திருந்தார், அக்கா சுமியே குடை பிடித்து நின்றாள். “அப்பாவ வைக்கறப்ப இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். எரிச்ச அன்னிக்கே ரயிலேறிட்டியே.” ஆமாம், வேலை இருந்தது, எப்போதும் ஏதோ ஒன்று இருந்தது... “வாயக் கொஞ்சம் வெட்டிப் பெருசாக்க முடியாதாக்கா?” “நானூறு வருஷக் கோயில்ல சுத்தியல் தூக்கப்போறியா? அம்மாவே எழுந்து வந்து அடிப்பா.”

“குடம் எதுக்குங்க? எலும்ப மட்டும் மண்ணுல கவுத்துடலாம், இங்க வழக்கம் அதான்,” என்றார் பிக்கு, ஒரு வெள்ளைப் பருத்திப் பையையும் நீட்டினார், ஆனால் கவிழ்ப்பதா... சுடுகாட்டில் அவனும் மனைவியும் ஒரே எலும்பை இரண்டு ஜோடிக் குச்சிகளால் சேர்ந்து பற்றி எடுத்துப் போட்டார்களே, பாதம் முதலில், பிறகு முழங்கால், இடுப்பு, கடைசியில் மண்டையோடு, அம்மா உள்ளே நேராக இருக்கட்டும் என்றுதானே அந்த வரிசை, கவிழ்த்தால் தலையல்லவா முதலில் விழும், அப்பாவுக்குப் பக்கத்தில் காலம் முழுக்கத் தலைகீழாகவா? டோக்கியோவில் அவன் வீட்டுப் பதினோராவது மாடியில் அம்மா எட்டு வருடம், ஜன்னலில் மண்ணே தெரியாது, எப்படா வீட்டுக்குப் போறோம் என்பாள், வசந்தம் வரட்டும்மா என்பான், எட்டு வசந்தம் வந்து போயிற்று. “என்னடா யோசிக்கற, பிக்குவுக்கு அடுத்த பூசை இருக்கு,” என்றாள் அக்கா, மசாத்தோ குடத்தின் மூடியைத் திறந்தான், மேலே மண்டையோட்டின் வளைவு, விரலால் தொட்டான், அம்மாவை அவன் கடைசியாகத் தொட்டது எப்போது... தெரியவில்லை. பையைக் குடத்தின் வாயில் மாட்டிக் கவிழ்த்தால் தலை பைக்கு அடியில் போகும், பாதம் மேலே வரும், சரி, அந்தப் பையின் வாயைக் குழிக்குள் விட்டு அடியைத் தூக்கினால்... அம்மாவை இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனதற்கு இப்படி நேராக்க ஒரு வழி கிடையாது, எலும்புக்கு இருந்தது: இரண்டு முறை கவிழ்க்க வேண்டும், குடத்திலிருந்து பைக்கு ஒரு முறை, பையிலிருந்து மண்ணுக்கு ஒரு முறை, பாதம் முதலில் விழும், தலை கடைசியில் வந்து மேலே நிற்கும்.