வண்டியைச் சுற்றி நாலு நிமிஷம்

வாடகைக் கார் நாலு நாளாக ஓட்டலின் அடித்தள நிறுத்தத்தில் அசையாமல் நின்றது. அதை எடுத்தவன் மூன்று நாளாகப் பிணவறையில் கிடந்தான். அவனுடைய அண்ணன் வந்து சேர்ந்தது முந்தின நாள் காலையில். வந்ததிலிருந்து காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சவப்பெட்டி நாளை மாலை விமானத்தில் ஏறிவிடும் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் முடியாமல் இருந்தது இந்தக் கார் ஒன்றுதான்.

அவருக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று விமானத்தில் கைக்குட்டையை மடியில் வைத்துக் காத்திருந்ததுதான் மிச்சம். கொடுத்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றார். தின்றதற்கு வெட்கப்படக்கூடத் தெம்பில்லை.

அண்ணனுக்கு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்கிற வேலை. இருபத்தெட்டு வருஷமாக அதே அறை, அதே கட்டில். "கைய தளர்த்தி விடுங்க, மூச்ச அடக்காதீங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் சொல்லுவார். தாள் வெளியே வருகிற வேகத்திலேயே யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாருக்கு டாக்டரை ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. தம்பி இன்ஷூரன்ஸ் சர்வேயர். இடிபட்ட வண்டிகளைப் பார்த்து எவ்வளவு சேதம் என்று எழுதிக் கொடுப்பவன். "நீ மனுஷன பாக்கற, நான் வண்டிய பாக்கறேன். ரெண்டு பேர்கிட்டயும் வர்றவன் பொய்தான் சொல்றான்" என்பான்.

வேலை விஷயமாக வருஷத்துக்கு இரண்டு மூன்று தரம் வெளிநாடு போவான். போன இடத்தில் கார் எடுப்பான். அங்கே கவுன்ட்டரில் இருப்பவர்கள் பூச்சாண்டி காட்டி முழு இன்ஷூரன்ஸ் விற்கப் பார்ப்பார்கள். இவன் மசியமாட்டான். அது வாங்காவிட்டால், வண்டிக்கு ஏதாவது ஆகும்போது நஷ்டத்தின் முதல் பங்கு எடுத்தவன் தலையில் விழும். எக்ஸஸ் என்று அதற்குப் பெயர். அதற்கு ஈடாகக் கார்டில் ஒரு பெரிய தொகையை டெபாசிட்டாகப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ளட்டும், என் இன்ஷூரன்ஸ் என் சட்டைப்பையில் இருக்கிறது என்று தம்பி போனைத் தட்டிக் காட்டுவான். சாவி கைக்கு வந்ததும் வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கீறலையும் வாயால் சொல்லி வீடியோ எடுப்பான். எடுத்த கையோடு அண்ணனுக்கு அனுப்புவான். "நீதான் சாட்சி. என் போன் தொலைஞ்சாலும் உன்கிட்ட இருக்கும்."

சாட்சி ஒரு தடவைகூட வீடியோவைத் திறந்ததில்லை. பம்பரையும் டயரையும் யார் நாலு நிமிஷம் உட்கார்ந்து பார்ப்பது? பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார். இந்த முறையும் அப்படித்தான். டீ குடிக்க வெளியே வந்தபோது வீடியோ வந்திருந்தது. கட்டைவிரலைப் போட்டார். "சரிண்ணா. தூங்கறேன்" என்று உடனே பதில் வந்தது. தம்பியின் கடைசி வார்த்தை அதுதான். மறுநாள் ஓட்டல் அறையைப் பெருக்க வந்தவர் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

அந்தப் பதிலை வீட்டில் எல்லாருக்கும் காட்டினார். "நிம்மதியா படுத்திருக்கான் பாருங்க. அவனுக்கே தெரிஞ்சிருக்காது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா, இங்கருந்தே ஆள் வச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்." துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னார். சொல்லச் சொல்ல அது கொஞ்சம் தாங்கிப் பிடித்தது.

வாடகைக் கம்பெனிக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, டார்ச்சோடு வண்டியைச் சுற்றி வந்தார். நல்ல மனிதர். முதலில் அண்ணனின் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார். பிறகு டார்ச் பின்பக்க இடது கதவின் அடியில் நின்றுவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். அதிலிருந்து சக்கரம்வரை ஒரு கீறல்.

அவருடைய ஆங்கிலமும் அண்ணனுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாதவை. ஆனாலும் விஷயம் புரிந்தது. வண்டியைக் கொடுத்தபோது சேதம் குறித்துவைத்த கார் படத்தில் முன் பம்பரில் ஒரே ஒரு குறிதான் இருக்கிறது. கதவில் ஒன்றுமில்லை. ஆகவே இது எடுத்தவர் செய்த சேதம். எக்ஸஸ் முழுவதும் டெபாசிட்டில் கழியும். மன்னிக்கணும், விதி அப்படி. இங்கே ஒரு கையெழுத்து.

அண்ணன் பேனாவை வாங்கிக்கொண்டார். இரண்டு நாளில் நாற்பது கையெழுத்து போட்டாயிற்று, நாற்பத்தொன்றாவது என்ன கசக்கவா போகிறது? அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தம்பி மனைவி.

"மாமா, கார ஒப்படைச்சாச்சா?"

"கதவுல ஒரு பள்ளம் இருக்காம்மா. டெபாசிட்ட எடுத்துக்கறாங்களாம். போனா போகுது, கையெழுத்து போட்டுடறேன்."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

"பணம் போகட்டும் மாமா. அவர் இடிச்சாருன்னு மட்டும் எழுதிக் கொடுத்துடாதீங்க. இருபது வருஷத்துல ஒரு கீறல் போட்டதில்ல அவரு. இடிச்சிருந்தா, ஓட்டும்போதே அவருக்கு என்னமோ பண்ணியிருக்கணும். தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம படுத்துட்டாரா? எனக்குக்கூட சொல்லத் தோணலையா? அது மட்டும் எனக்குத் தெரியணும் மாமா."

"தெரிஞ்சிருக்காதும்மா."

"உங்களுக்குத்தானே வீடியோ அனுப்புவாரு? அதுல பள்ளம் இருக்கான்னு பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அதுவரை அந்த வீடியோவின் நினைப்பே அவருக்கு வந்திருக்கவில்லை.

கம்பெனிக்காரரிடம் போனைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை செய்தார். இருவரும் காரின் மேல்மூடியில் முழங்கையை ஊன்றிக் குனிந்தார்கள். வெயிலில் ஒரு கார் தெரிந்தது. பிறகு குரல் வந்தது.

"அண்ணா வணக்கம். வண்டி வெள்ளை, நம்பர் பாத்துக்கோ. முன்பக்கம் பம்பர்ல ஒரு கீறல், அத எழுதியிருக்காங்க. வலது பக்கம் சுத்தம். பின்கண்ணாடி சுத்தம்…"

கொஞ்சம் மூச்சு வாங்குகிற குரல். தனக்குள் ஏதாவது நடக்கும் என்று அண்ணன் எதிர்பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. யாரோ யாருக்கோ கார் விற்பதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"…இடது பின் கதவு. இந்தா, வந்தாரு பாரு நம்ம ஆளு. உள்ளங்கை அளவு பள்ளம், சக்கரம் வரைக்கும் கோடு. கவுன்ட்டர்ல சொன்னேன், 'எழுதிக்கறோம் எழுதிக்கறோம்'ங்கறான். எழுத மாட்டான். என் கைய பக்கத்துல வச்சு காட்டறேன், அளவுக்கு."

தம்பியின் கை திரையில் வந்து பள்ளத்தின்மேல் படிந்தது. மோதிரம், நகத்தடியில் பேனா மை.

கம்பெனிக்காரர் நிமிர்ந்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி, ஓடும் வீடியோவை அப்படியே தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். போதும், இதுவே போதும், டெபாசிட் முழுவதும் திரும்பிவிடும் என்று சொல்லிவிட்டுத் தாளைக் கிழித்தார். புதுத் தாள் எழுதத் தன் பையைத் திறந்தார்.

அண்ணன் வீடியோவை நிறுத்தவில்லை. இன்னும் ஒரு நிமிஷத்துக்கு மேல் இருந்தது. பம்பரும் டயருமாகத்தான் இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒன்றையாவது கடைசிவரை பார்த்துவிடலாமே என்று விட்டார்.

திரையில் கார் இல்லை இப்போது. தரையும் செருப்பும் தெரிந்தன.

"அண்ணா, நீ இதெல்லாம் பாக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவ பாரு. பெட்டிய தூக்கினதுலேர்ந்து இடது தோள் ஒரு மாதிரி பிடிச்சுக்கிட்டிருக்கு. தாடை வரைக்கும் ஏறுது. வேர்வை வேற ஊத்துது, இங்க குளிர்தான். வாயுவா இருக்கும்னு நினைக்கறேன். அவகிட்ட சொன்னா ஊரையே கூட்டிடுவா, அதான் உன்கிட்ட சொல்றேன். தெனமும் பாக்கறவன் நீ. நீ சொன்னா சரி. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா கூப்பிடு, இப்பவே போறேன். ஒண்ணும் இல்லன்னா எப்பவும் போல கட்டைவிரலப் போடு. மாத்திரைய போட்டுக்கிட்டு படுத்துடறேன். ஓட்டல் பக்கத்துலதான், அங்க போய் நிறுத்திட்டு வண்டியிலேயே உக்காந்திருக்கேன், நீ பாக்கற வரைக்கும்."

வீடியோ முடிந்தது. அதன் கீழே நேரம் ஒன்பது நாற்பது. அதற்கும் கீழே அவருடைய கட்டைவிரல், பத்து பதினாறு. அதற்கும் கீழே, சரிண்ணா, தூங்கறேன்.

முப்பத்தாறு நிமிஷம். அவன் வண்டிக்குள் உட்கார்ந்து காத்திருந்த முப்பத்தாறு நிமிஷம். கணக்கு மட்டும் மனசில் சுத்தமாக ஓடியது. தோள், தாடை, வேர்வை. கட்டிலில் படுத்த யாராவது இந்த மூன்றையும் சொல்லியிருந்தால், மெஷினைப் போடுவதற்கு முன்பே டாக்டரைக் கூப்பிட ஓடியிருப்பார். கதவுக் கண்ணாடி வழியாக ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தார். இருக்கை நன்றாகப் பின்னால் சாய்த்துவைக்கப்பட்டிருந்தது.

கம்பெனிக்காரர் புதுத் தாளை நீட்டினார். புதிதாகச் சேதம் இல்லை என்று எழுதியிருந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்தார். இந்த மொழியில் ஒரு சொல்கூட அவருக்குத் தெரியாது. ஆறுதல் சொல்ல வேறு வழி தெரியாமல், எல்லாம் சரியாகிவிட்டது என்று தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

போன் மறுபடி அடித்தது.

"பாத்தீங்களா மாமா? பள்ளம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. எடுக்கும்போதே இருந்துச்சு. அவன் இடிக்கல."

அவள் விட்ட மூச்சு கேட்டது. மூன்று நாளில் முதல் தடவையாக அவள் அழாமல் பேசினாள். "அப்ப நீங்க சொன்னதுதான் மாமா. அவருக்கு ஒண்ணும் தெரியல. தெரிஞ்சிருந்தா யார்கிட்டயாவது சொல்லியிருப்பாரு, இல்ல?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளும் தூங்குவாள், இவரும் ஊர் போய்ச் சேரலாம். அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வந்தது. அவர் பள்ளத்தைப் பார்த்தார். தம்பி கை வைத்துக் காட்டிய இடத்தில் தன் கையை வைத்தார். சரியாகப் பொருந்தியது.

"சொன்னான்மா" என்றார். "என்கிட்ட சொல்லியிருக்கான். நான்தான் பாக்கல."